மஞ்சள் தொண்டைக்கு ஒரு சாட்சி

என் தங்கையைக் கட்டிக்கொடுத்த இடத்தைப் பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். மாப்பிள்ளைக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, பெண்டாட்டியை அதட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை. சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தார். ஒல்லியான மனிதர். கோட்டுப் பையில் எப்போதும் சீவி வைத்த பென்சில் ஒன்று இருக்கும். அவரிடம் இருந்தது ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். தன் கண்ணால் முழுசாகப் பார்க்காத எதற்கும் 'ஆமாம்' சொல்ல மாட்டார்.

இதைக் கேட்கிறவர்கள், 'ஆகா, மனுசன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்' என்பார்கள். அவர்களுக்கு இப்படி ஒரு மாப்பிள்ளை வாய்க்கவில்லை, அதனால் சொல்கிறார்கள்.

எங்கள் ஊர் பேளுக்குறிச்சி. வாசலில் நின்று தலையைத் தூக்கினால் கொல்லிமலை. மலைமேல் மேகம் இறங்கிவிட்டால், களத்தில் காயும் சோளத்தை அள்ளு என்று எங்கள் ஊரில் நண்டுசிண்டுகூடச் சொல்லும். ஒருநாள் அப்படி மேகம் இறங்கியபோது களத்தில் அவரும் நானும் நின்றிருந்தோம். "மழை வருமுங்களா மாப்ள?" என்று பேச்சுக்குத்தான் கேட்டேன். "மலைமேல கட்டியிருக்குதுங்க மச்சான். இங்க வருதான்னு வந்தாத்தானுங்க தெரியும்" என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, என் கையில் ஒரு பெரிய துளி விழுந்தது. கையை நீட்டி, "இது என்னங்க மாப்ள?" என்றேன். குனிந்து பார்த்துவிட்டு, "ஒரு சொட்டுங்க" என்றார். சோளம் நனைந்துதான் போயிற்று.

என் பெரியப்பா இறந்த அன்று அவர்தான் கட்டில் பக்கத்தில் இருந்தார். சோளக்காட்டிலிருந்து நான் ஓடி வந்து, "என்னாச்சுங்க மாப்ள, போயிட்டாருங்களா?" என்று கேட்டேன். "மூச்சு நின்னிருக்குதுங்க மச்சான். மத்ததை டாக்டரு பாத்துத்தான் சொல்லோணும்" என்றார். அழுவதற்கு வாயைத் திறந்த பெண்கள் பாதியில் நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். டாக்டர் ராசிபுரத்திலிருந்து வண்டி கட்டி வந்து சேரும்வரை எங்கள் பெரியப்பாவுக்கு ஒப்பாரி கிடைக்கவில்லை.

இன்னொரு முறை, எங்கள் பங்காளி வீட்டுப் பெண்ணுக்குச் சேலத்தில் ஒரு பையனைப் பார்த்துவிட்டு இவரிடம் விசாரித்தார்கள். பையன் இவர் தெருக்காரன். குணம் எப்படி என்று கேட்டதற்கு இவர் வெகுநேரம் யோசித்து, "ஒரு கல்யாணப் பந்தியில பக்கத்துல உக்காந்திருக்கறேனுங்க. சாப்படறது ஒழுங்காச் சாப்பிட்டாருங்க" என்றார். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. அந்தப் பையன் பிற்பாடு தாசில்தார் ஆனான். இன்றுவரை அந்தப் பங்காளி எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்தால் என் முகத்தைப் பார்க்காமல் மொய் எழுதிவிட்டுப் போகிறான்.

இந்தப் பழக்கம் ஊர்வாயோடு நின்றிருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அது அவருடைய பிழைப்பில் கை வைத்தது. பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டரின் படத்தை எழுதச் சொன்னார்கள். எழுதினார். படம் பேசுகிற மாதிரி இருந்தது, ஆனால் மூக்கின்மேல் உளுந்து அளவு மரு ஒன்றும் இருந்தது. ஹெட்மாஸ்டர் தனியாகக் கூப்பிட்டு, "படத்திலாவது அதை எடுத்துவிடக் கூடாதா?" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டிருக்கிறார். "எடுத்துட்டா அது நீங்க இல்லீங்களே சார்" என்றாராம் இவர். அதற்குப் பிறகு அவர் வேலை நிரந்தரம் ஆகவே இல்லை. வருஷா வருஷம் தற்காலிகம். தற்காலிக வாத்தியாருக்குக் கோடை லீவுக்குச் சம்பளம் கிடையாது. எனவே ஒவ்வொரு சித்திரையிலும் தங்கை பெட்டியைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். தங்கை வருவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவள் வந்த அன்றே என் பெண்டாட்டியின் அடுக்களைக்குள் புகுந்து, யாரும் சொல்லாமலே பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிடுவாள். அதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

இந்த நிலைமையில்தான் ஜட்ஜ் ஐயா வந்தார். அவர் ஓய்வுபெற்ற ஜட்ஜ், பள்ளிக்கூடக் கமிட்டிக்குத் தலைவர். பறவைப் பைத்தியம். தென்னாட்டுப் பறவைகள் பற்றி இங்கிலீஷில் ஒரு புத்தகம் வைத்திருந்தார். அதில் உள்ளதை ஒவ்வொன்றாகத் தேடிப்போய்ப் பார்த்து முடித்துக்கொண்டே வந்தவருக்கு, ஒன்றே ஒன்று மட்டும் சிக்கவில்லை. கொண்டைக்குருவி ஜாதி. தலையும் தொண்டையும் நல்ல மஞ்சளாக இருக்குமாம். இந்தப் பக்கத்துப் பாறை மலைகளை விட்டால் வேறெங்கும் கிடையாதாம். அதற்குள் அவர் கண்ணில் புரை விழுந்துவிட்டது. மதராஸில் அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது. கத்தி பட்ட பிறகு கண் தேறலாம், தேறாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் அந்தக் குருவியைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

தன் கண்ணை மட்டும் நம்பி, பார்த்தேன் என்று சொன்னால் மதராஸ் சிநேகிதர்கள் சிரிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். கூட ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி படமும் எழுதத் தெரிந்தவனாக இருந்தால் உத்தமம். எங்கள் மாப்பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிட்டு விஷயத்தை வெட்டவெளிச்சமாகவே சொல்லிவிட்டார். "குருவியைப் பார்த்துப் படம் எழுதிக் கொடுத்துவிடும். அடுத்த கமிட்டியில் உம்மை நிரந்தரம் பண்ணிவிடுகிறேன்."

தங்கை இதை எனக்குச் சொல்லியனுப்பியபோது, நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். உடைத்த பிறகுதான் மாப்பிள்ளையின் பழக்கம் ஞாபகத்துக்கு வந்தது.

ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு. மலைமேல் ஆலத்தூர் நாட்டில் எனக்குப் பழக்கமான ஊர்க்கவுண்டர் ஒருவர் இருந்தார். சந்தைக்கு மிளகும் பலாப்பழமும் இறக்கும்போது எங்கள் வீட்டில்தான் கை நனைப்பார். அவரிடம் சொல்லி ஜட்ஜுக்கு டோலியும், தூக்க ஆட்களும் வரவழைத்தேன். குருவியைப் பற்றியும் சொன்னேன். "எங்க மலையில இல்லாத குருவியுங்களா? ஐயாவைக் கூட்டிட்டு வாங்க சாமி, காட்டிப்போடலாம்" என்றார். அந்தப் பதிலில் இருந்த தெம்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மாப்பிள்ளையிடமிருந்து இப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதே இல்லை.

தை மாதம், விடிகாலையில் ஜட்ஜின் கார் வந்தது. மாப்பிள்ளையும் அதில்தான் வந்தார். அடிவாரத்தில் இறங்கியதும், வெயிலுக்கு முன்னால் இந்தப் பாறைப் பக்கமெல்லாம் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போகலாமா என்று மாப்பிள்ளை கேட்டார். ஜட்ஜ் சிரித்தார். "அபூர்வமான வஸ்து அடிவாரத்தில் ஆடு மேய்கிற இடத்திலா இருக்கும் மாஸ்டர்? அது உச்சியில் இருக்கும். மேலே போவோம்." முப்பது வருஷம் உயரமான நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அப்படித்தான் தோன்றும். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

மேலே போய்ச் சேர்ந்தபோது ஊர்க்கவுண்டர் ஊரோடு காத்திருந்தார். மஞ்சள் குருவி வேண்டும் என்பதை அவர் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. ஆளாளுக்கு மஞ்சளைக் காட்டத் தொடங்கினார்கள். முதலில் பலாமரத்தில் ஒரு மாங்குயில். மஞ்சளோ மஞ்சள். ஜட்ஜ் தூரக்கண்ணாடியை இறக்கிவிட்டு, இதைத் தன் வீட்டுக் கொல்லையிலேயே பார்த்திருப்பதாகச் சொன்னார். அப்புறம் ஏதோ ஒரு மஞ்சள் சிட்டு. அப்புறம் ஒரு வண்ணத்துப்பூச்சி. ஒருவர் வெகுதூரம் கூட்டிக்கொண்டு போய்ப் பழுத்த இலை ஒன்றைக் காட்டினார். விருந்தாளி வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று அந்த ஊரே கங்கணம் கட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஜட்ஜ் எங்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பார். அவர், "அது இது இல்லீங்க ஐயா" என்பார். இதுவரைக்கும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

உச்சிவேளை தாண்டி, சாமைக் கொல்லை ஓரமாக ஓடையை ஒட்டி வந்துகொண்டிருந்தோம். டோலியை இறக்கி வைத்துவிட்டு ஜட்ஜ் நடந்து வந்தார். திடீரென்று ஒரு புதர் அசைந்தது. ஒரு குருவி எழுந்து, கிளைக்குள் நுழைந்து, அந்தப் பக்கமாகப் போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது.

"அதுதான்!" என்று கத்தினார் ஜட்ஜ். அந்த வயசுக்கு அப்படி ஒரு குரலை நான் எதிர்பார்க்கவில்லை. "மஞ்சள்! தொண்டை மஞ்சள்! பார்த்தீரா கவுண்டரே?"

"பாத்தேனுஞ் சாமி! தகதகன்னு இருந்துச்சுங்களே!" என்றார் ஊர்க்கவுண்டர். டோலி தூக்குகிறவர்கள் எல்லோரும் பார்த்திருந்தார்கள். நான் அந்தச் சமயம் திரும்பி நின்று வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆனாலும் பார்த்தேன் என்றுதான் சொன்னேன். ஒரு கிழவர் கண்ணில் நீர் வழிய நின்று கேட்கும்போது வேறென்ன சொல்வது?

பிறகு ஜட்ஜ் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். என் தங்கையின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. தலையை மட்டும் ஆட்டு சாமி, வாயைக்கூடத் திறக்க வேண்டாம் என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

"வால் அடியில மஞ்சள் பாத்தேனுங்க ஐயா" என்றார் மாப்பிள்ளை. "தொண்டையை எலை மறைச்சிருச்சுங்க. வால் அடி மஞ்சள் சாதாக் கொண்டைக்குருவியில ஒரு ஜாதிக்கும் உண்டுன்னு கார்ல வாரப்ப நீங்கதான் சொன்னீங்க."

"நான் தொண்டையைப் பார்த்தேன் ஐயா!" என்றார் ஜட்ஜ்.

"நீங்க பாத்திருப்பீங்க. நான் பாக்கலீங்க."

ஜட்ஜின் முகம் சிவந்துவிட்டது. எல்லோரும் பார்த்ததை ஒருவன் பார்க்கவில்லை என்றால் குற்றம் குருவி மேலா, அவன் மேலா என்று கேட்டார். மாப்பிள்ளை கைகட்டி நின்றார். நான் அவரைப் பின்னால் இழுத்து, "மாப்ள, உங்க ரெண்டு புள்ளைங்க மூஞ்சியை நெனச்சுப் பாருங்க" என்று காதோடு சொன்னேன். "நெனச்சுட்டுத்தானுங்க மச்சான் நிக்கறேன்" என்றார். கோட்டுப் பையிலிருந்த பென்சிலை அவர் இறுகப் பிடித்துக்கொண்டதை அப்போது பார்த்தேன். பயம் இல்லாமல் அவர் அப்படிச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைத்தான் மூட்டியது.

ஊர்க்கவுண்டருக்குத் தர்மசங்கடம். தன் ஊருக்கு வந்த விருந்தாளிகளுக்குள் வம்பு வந்துவிட்டது. அதற்கு அவர்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் உள்ள வழியைத்தான் அவர் சொன்னார். "ஏனுஞ் சாமி, நாம எதுக்கு வாய்ச்சண்டை போடோணும்? கோயில்ல பூக் கேட்டுப்போடலாமுங்க."

பெண் எடுப்பதா, கிணறு வெட்டுவதா, காணாமல் போன மாடு வருமா என்பதற்கெல்லாம் நாங்கள் பூக் கேட்பதுதான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்து, சாமி முன்னால் போட்டு, சம்பந்தமில்லாத ஒருவரை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் ஆமாம், சிவப்பு வந்தால் இல்லை. ஆனால் பறந்துபோன ஒரு குருவியின் தொண்டை என்ன நிறம் என்று சாமியைக் கேட்டது, எனக்குத் தெரிந்து, அன்று ஒருநாள்தான். இங்கிலீஷ் சட்டம் படித்த ஜட்ஜ் வேண்டாம் என்று சொல்லுவார் என்று நினைத்தேன். அவர், "கேளுங்கள், கேளுங்கள்" என்று முன்னால் நடந்தார்.

பூசாரி அரளிப் பூக்களை மடித்து வைத்தார். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டோம். "கொஞ்சம் பொறுங்க" என்று ஒரு குரல். மாப்பிள்ளைதான். "ஒரு பொட்டலம் பெருசா இருக்குதுங்க. எடுக்கறவங்களுக்குப் பெருசுதான் கைக்கு வரும். ரெண்டும் ஒரே அளவா இருந்தாத்தானுங்க சாமிக்கு மரியாதை." அவரே உட்கார்ந்து இரண்டு பொட்டலத்தையும் பிரித்து, ஒரே அளவு இலையாகக் கிழித்து மடித்தார். எது எதில் இருக்கிறது என்று தனக்குத் தெரியக் கூடாது என்று, பூசாரியை விட்டுக் குலுக்கிப் போடச் சொன்னார். பூசாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். எங்கே பிடித்தீர்கள் இந்த ஆளை என்று அதற்கு அர்த்தம்.

விறகுக் கட்டோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். வெள்ளைப் பூ வந்தது.

ஊரே ஆர்ப்பரித்தது. ஜட்ஜ் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. "இப்போது என்ன சொல்கிறீர் மாஸ்டர்?" என்று ஜட்ஜ் கேட்டார். கோபமெல்லாம் போய்க் குரலில் கனிவு இருந்தது. "நான் சொல்லி நம்ப வேண்டாம். சாமி சொல்லிவிட்டதே. படத்தை எழுதும்."

மாப்பிள்ளை மறுக்கவில்லை. கோயில் படியில் உட்கார்ந்து எழுதினார். அழகான படம். புதரில் ஒவ்வொரு இலையிலும் நரம்பு தெரிந்தது. ஒரு சிறகு பாதி விரிந்திருந்தது, வால் தூக்கியிருந்தது, வாலுக்கு அடியில் மஞ்சள். ஜட்ஜ் காகிதத்தை மூக்குக்கு முன்னால் பிடித்து வெகுநேரம் தேடினார்.

"தலை எங்கே?"

"எலைக்குப் பொறகாலீங்க ஐயா."

ஜட்ஜ் டோலியில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இறங்கும் வழியெல்லாம், அடுத்த சித்திரைக்குத் தங்கை வரும்போது அவளிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு டோலிக்குப் பக்கத்திலேயே நடந்தேன். மாப்பிள்ளை கால் வலிக்கிறது என்று பின்தங்கிவிட்டார். நானும் நிற்கவில்லை. அந்த ஆளோடு சேர்ந்து நடக்க எனக்கு மனசில்லை.

அடிவாரத்தில் வெயில் சாய்ந்துவிட்டது. ஜட்ஜ் காரில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அப்போது பாறைகளுக்கு நடுவிலிருந்து மாப்பிள்ளை ஓடி வந்தார். அவர் ஓடி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கோட்டில் முள் கிழித்திருந்தது, ஒரு காலில் செருப்பு இல்லை.

"பாத்துட்டேனுங்க ஐயா! தொண்டை பாத்துட்டேனுங்க! நல்ல மஞ்சள்! தலையும் மஞ்சள்!"

ஜட்ஜ் காப்பியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். "இதைச் சொல்ல இவ்வளவு நேரமா மாஸ்டர்? மேலேயே சொல்லியிருந்தால் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்திருக்குமே."

"மேல இல்லீங்க ஐயா. இங்கே, இந்தப் பாறைமேல. ஒக்காந்து திரும்பித் திரும்பிப் பாத்துச்சுங்க. வாங்க, காட்டறேன்."

"எங்கே என்பது இருக்கட்டும். பார்த்தீர் அல்லவா? அது போதும்." ஜட்ஜ் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "படத்துக்குத் தலையை மட்டும் எழுதிக் கொடுத்துவிடும்."

"அந்த ஒடம்புக்கு இந்தத் தலையை வெக்க முடியாதுங்க ஐயா. அது வேற, இது வேற." காரின் முகப்பில் காகிதத்தை வைத்து, இருட்டு விழுவதற்குள் புதிதாக ஒரு முழுக் குருவியை எழுதிக் கொடுத்தார். பாறைமேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது. ஜட்ஜுக்குப் பாறையைப் பற்றி அக்கறை இல்லை. தொண்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, படத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டார்.

நான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அழுத்தினேன். வழியெல்லாம் யோசித்துக் கடைசியில் பிழைக்கத் தெரிந்துகொண்டாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோட்டைத் தானே கிழித்துக்கொண்டு ஓடி வந்த சாமர்த்தியத்தைத்தான் நம்ப முடியவில்லை.

அடுத்த கமிட்டிக் கூட்டம் முடிந்ததும் நிரந்தர உத்தரவு வந்துவிட்டது. செய்தி கேட்டு ஒரு கூடை மாம்பழத்தோடு சேலத்துக்குப் போனேன். தங்கை இனிப்புக்குக் கச்சாயம் சுட்டு வைத்திருந்தாள். மாப்பிள்ளை உத்தரவை முன்னால் வைத்துக்கொண்டு, இழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க மச்சான், நான் பாத்தேன்னு நீங்க நம்பறீங்களா?"

"நம்பறேனுங்க மாப்ள. நம்பாம?"

என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். "நம்பலீங்க" என்றார். "ஜட்ஜ் ஐயாவும் நம்பலீங்க. நான் வேலைக்காகப் பொய் சொன்னேன்னு நெனச்சுட்டு, அந்தப் பொய்க்கு வேலை குடுத்திருக்காங்க. இதை நான் எப்பிடிங்க வாங்கறது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உண்மையைச் சொன்னாலும் குடும்பத்துக்குக் கேடு, பொய் சொன்னாலும் குடும்பத்துக்குக் கேடு என்றால் ஒரு மனுசன் எதைத்தான் சொல்வது? தங்கையைப் பார்த்து, நீயாவது சொல்லு கண்ணு என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அவுரு பாத்தேன்னு சொன்னா பாத்தாருதானுங்ணா. இத்தன வருசத்துல அந்த வார்த்தையை அவுரு வாயில நான் கேட்டதே இல்ல" என்றாள். அதைச் சொல்லிவிட்டு அவளே கோட்டை எடுத்துக் கொடுத்தாள். கிழிந்த இடத்தில் தையல் போட்டிருந்தது.

அவர் ஜட்ஜ் வீட்டுக்குப் புறப்பட்டார். வேலையைக் காப்பாற்ற நானும் பின்னாலேயே ஓடினேன்.

ஜட்ஜ் பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் மதராஸ் பயணம். மாப்பிள்ளை உத்தரவை மேஜைமேல் வைத்தார். "ஐயா, நான் அடிவாரத்துல பாத்தது நெசமுங்க. பொய்யின்னு நெனச்சு இதைக் குடுத்திருந்தீங்கன்னா எனக்கு வேண்டாமுங்க."

ஜட்ஜ் உத்தரவை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். கோர்ட்டில் உட்காருவது அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கேள்விகள் வந்தன. எந்தப் பாறை? வெயில் எந்தப் பக்கம்? புருவத்தில் வெள்ளைக் கோடு இருந்ததா? "இல்லீங்க, புருவமும் மஞ்சள்." வாய் திறந்ததா? "ரெண்டு வாட்டிங்க." கால் என்ன நிறம்? "அதைக் கவனிக்கலீங்க." கண் என்ன நிறம்? "கவனிக்கலீங்க. தொண்டையவே பாத்துட்டு இருந்துட்டேனுங்க." கூட ஜோடி இருந்ததா? "சத்தம் கேட்டுச்சுங்க. பாக்கலீங்க."

ஜட்ஜ் நாற்காலியில் சாய்ந்தார். "பொய்ச்சாட்சிக்கு எல்லாம் தெரிந்திருக்கும்" என்றார், எங்களிடம் இல்லை, தனக்குள்ளேயே. "காலும் தெரியும், கண்ணும் தெரியும், அது எந்த ஊர்க் குருவி என்பதும் தெரியும். நீர் பார்த்தீர் ஐயா. பார்த்துவிட்டீர்."

மாப்பிள்ளை முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்தது. ஜட்ஜின் முகத்திலிருந்துதான் அது போய்விட்டது.

"அது பாறையில் வசிக்கிற பறவை. அப்படியென்றால் மேலே ஓடைக்கரையில் நான் பார்த்தது?"

இதற்குத்தான் நான் பயந்தேன். மறுநாள் கண்ணைக் கத்திக்குக் கொடுக்கப் போகிற கிழவர் அவர். இந்த ஆள் இப்போது என்ன சொல்லித் தொலைக்கப் போகிறாரோ என்று மாப்பிள்ளையின் வாயையே பார்த்தேன்.

"அதை நான் பாக்கலீங்க ஐயா" என்றார் மாப்பிள்ளை.

"சாதாக் கொண்டைக்குருவிதான் என்று சொல்லுமேன். எனக்குத் தெரிகிறது. நான் ஒத்துக்கொள்கிறேன்."

"எப்பிடிங்க சொல்றது? எனக்கும் தொண்டைக்கும் நடுவுல எலை இருந்துச்சுங்க. நீங்க நின்ன பக்கத்துல எலை இல்லாம இருந்திருக்கலாமுங்க."

"ஐயா, இப்போதாவது ஒரு 'ஆமாம்' சொல்லும்! நானே என் கட்சியை விட்டுக்கொடுக்கிறேன், அதற்காவது சொல்லக் கூடாதா?"

"பாக்காம எப்பிடிங்க ஐயா?" என்றார். குரலில் அழுகை இருந்தது.

ஜட்ஜ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். புரை விழுந்த கண்ணுக்கு என்ன தெரிந்ததோ. மெல்லத் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அப்படியென்றால் என் குருவி என்னிடமே இருக்கிறது" என்றார்.

எனக்கு மாப்பிள்ளைமேல் அன்றுதான் முதல்முதலாகக் கோபம் வரவில்லை. இப்படிப்பட்டவனுக்கா தங்கையைக் கொடுத்தோம் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். அன்று அதையே வேறு குரலில் நினைத்தேன்.

ஜட்ஜ் மேஜையைத் தடவி உத்தரவை எடுத்தார். மாப்பிள்ளை கையை நீட்டினார். ஜட்ஜ் அவரைத் தாண்டி என்னிடம் கொடுத்தார்.

"நீர் வைத்துக்கொள்ளும்" என்றார். "இவரிடம் கொடுத்தால் நாளைக்கே ஏதாவது சந்தேகம் வந்து, திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்."